வியாழக்கிழமை, நாலரை மணி பஸ்

வியாழக்கிழமை நாலரை மணிக்கு எங்கள் ஊர் விலக்கில் ஒரு டவுன் பஸ் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல், சாப்பாட்டுத் தூக்கும் கைப்பையுமாக அதில் ஏறிவிடுவேன். முக்கால் மணி நேரத்தில் காரைக்குடி. "எங்க டீச்சர், வாராவாரம் இதே பஸ்ஸுல?" என்று கண்டக்டர் கேட்டபோது "தையல் கிளாஸ்" என்றேன். அத்தையிடம் கொப்புடையம்மன் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தேன். இறங்கியதும் கோயிலுக்கு ஓடி, இரண்டு நிமிடம் நின்று, குங்குமத்தைத் தாளில் மடித்துக்கொள்வேன். அப்படிச் செய்தால் அத்தையிடம் சொன்னது பொய்யாகாது என்று ஒரு கணக்கு. ஆறு மாதம் அந்தக் கணக்கு ஓடியது.

நான் போய்க்கொண்டிருந்தது, குடிநோய் உள்ளவர்களின் வீட்டார் கூடிப் பேசும் கூட்டத்துக்கு. எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று எழுத மாட்டேன். என் பெயரும் இதில் இராது. ஊர் ஆத்தங்குடிக்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது கூட்டத்தின் முதல் விதி. இங்கே வரும் மற்றவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற அளவுக்கு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கல் போடுகிறவர். வெளியூர்க்காரர்கள் ஆத்தங்குடி டைல்ஸ் என்பார்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். பிறகு அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை நிரப்பி அழுத்துவார்கள். சூளை கிடையாது. காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். கண்ணாடி பட்ட பக்கம் பளபளவென்று வரும். அச்சைத் தூக்குகிற நேரத்தில் கை ஆடினால் சிவப்பு மஞ்சளில் ஏறிவிடும்; அந்தக் கல் கழிவு.

இவர் கை ஆடத் தொடங்கியது 2014 வாக்கில். விடியற்காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். "வேலைக்காகத்தான் குடிக்கிறேன்" என்பார். நானும் பல நாள் நம்பினேன். கண்ணெதிரே தெரிந்ததே, குடித்தால் கை நிற்கிறது, குடிக்காவிட்டால் ஆடுகிறது. ராத்திரி குடித்தது உடம்பிலிருந்து இறங்க இறங்க வரும் வித்ட்ராயல் நடுக்கம் அது என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை.

ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் இவர் வேறு ஆள். முதல் தேதி மாலை போட்டால் ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொடமாட்டார். முதல் இரண்டு மூன்று நாள் வியர்க்கும், நடுங்கும், தூக்கம் வராது, அப்புறம் தெளிந்துவிடுவார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுவார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சாமிக்காக முடிகிறது, எனக்காகவும் பிள்ளைக்காகவும் முடியவில்லையா? ஐந்து வருடம் இந்த ஒரு கேள்வியை வைத்தே அவரைக் குத்தியிருக்கிறேன்.

2018 கார்த்திகையிலும் மாலை போட்டார். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அண்ணன் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். விடிந்ததும் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்துச் சரணம் சொன்னார். மூன்றாம் நாள் மத்தியானம் துண்டை எடுத்து வீட்டுத் தரையை அடித்துக்கொண்டிருந்தார். "பூவெல்லாம் ஊருது, பிள்ளையைத் தூக்கு, பிள்ளையைத் தூக்கு" என்று ஒரே கத்தல். அவர் கையால் போட்ட கல், அவரே பதித்த தரை. என்னை யாரென்று தெரியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

சாமி குத்தம் என்றார்கள். வீட்டில் தீட்டுப் பட்டிருக்கும் என்றார்கள்; சொல்லும்போதே எல்லார் பார்வையும் என் மேல் விழுந்தது. விபூதித் தட்டோடு ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை விஷயம் கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல், கார் பிடித்து எங்களை மதுரைக்கு அனுப்பினார். இன்றைக்கு இவர் உயிரோடு இருப்பது அந்தக் காரால்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். முதல் கேள்வியே, "கடைசியா எப்பக் குடிச்சாங்க?" நான் மணிக்கணக்குச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வருடக்கணக்காக மதுவுக்குப் பழகிய மூளையிலிருந்து அதைத் திடீரென்று உருவினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் இப்படிப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணில் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம் என்றார். ஒவ்வொரு முறை திடீரென நிறுத்தும்போதும் அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும் என்றும் சொன்னார். அப்படியானால் ஐந்து வருட மண்டலமும் சேர்ந்துதான் இந்த ஆறாவது வருடத்தில் வந்து நின்றிருக்கிறது. மாத்திரை கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு, பத்து நாளில் ஆளை நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். தினமும் குடிக்கிறவரை வீட்டில் வைத்து "இன்னையோட நிறுத்து" என்று கட்டிப்போடுகிறவர்களிடம் இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். நிறுத்த வேண்டும்தான். டாக்டர் பார்வையில் நிறுத்துங்கள்.

கட்டிப்போடுவது என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்பு, இவருடைய அண்ணன் ஏற்பாட்டில், ராத்திரி ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கி இவர் கையைப் பின்னால் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுவாழ்வு மையம் என்று பெயர். மூன்று மாதம். பார்க்க விடவில்லை. திரும்பி வந்தபோது முதுகில் தழும்பு இருந்தது. இரண்டாம் நாளே குடித்தார். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கொட்டகை தீப்பிடித்துக் கருகிச் செத்ததை எங்கள் தலைமுறை மறந்திருக்க முடியாது. அப்படியும் நான் கையெழுத்துப் போட்டேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியிட்டு வைப்பதைத் தடை செய்கிறது. ஒரு மையத்தில் ஆளைச் சேர்க்கும் முன், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த இடமா என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். விட மாட்டோம் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மதுரை வார்டில் தினமும் காலையில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், நடுவே ஒரு உளவியலாளர். வாரத்தில் ஒரு நாள் வீட்டாருக்குத் தனி வட்டம். முதல் தடவை போகும்போது பள்ளிக்கூட நோட்டில் இவருடைய குற்றங்களை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். எத்தனை நகை, எத்தனை அடகு, எந்தெந்தக் கல்யாண வீட்டில் மானம் போனது, எல்லாம் தேதியோடு. உளவியலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?

ஒருத்தி இரண்டு என்றாள். இன்னொருத்தி மூன்றரை. ஒன்பது பெண்களில் ஒருத்தி கூட இரண்டு மணிக்கு முன்னால் கண் மூடவில்லை. ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருந்து போட்டுத் தூங்குகிறார். நாங்கள் வராந்தாவில் பாய் போட்டு, பழக்கதோஷத்தில், வண்டிச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். அப்போது சிவகங்கைப் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னார்: "ஸ்டாண்டு போடுற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிரும், இன்னைக்குக் குவார்ட்டரா, ஆஃபான்னு." வட்டம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று எனக்கே தெரியவில்லை. வாசல் கதவுக் கொண்டியின் ஓசையில், செருப்பு உதறும் விதத்தில் நான் கற்றுவைத்திருந்த அந்தப் படிப்பை இன்னும் எட்டுப் பேர் கற்றிருந்தார்கள். நோட்டை நான் திறக்கவேயில்லை.

குழு சிகிச்சை பற்றி எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழுவில் ஆளைத் தேற்றும் காரணிகள் பதினொன்று என்று வகுத்தார். எனக்கு மட்டும் நடப்பதில்லை இது என்று தெரிந்துகொள்வது அதில் ஒன்று. இதற்கெல்லாம் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் நடத்திய வகுப்பு. சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டி, ஓய்வும் காற்றும் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்ததோடு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதிலும் நோயாளிகள் தெம்படைந்தார்கள். பிறகு 1935இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரோடு ஒருவர் பேசிக் குடிக்காமல் இருந்ததில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது.

எனக்குப் பிடித்தது பில்லின் மனைவி லோயிஸ் கதை. பதினேழு வருடம் கணவரின் குடியோடு மல்லுக்கட்டியவர். பில் ஒருவழியாக நிறுத்திய பிறகு, ஒரு நாள், "சீக்கிரம் கிளம்பு, கூட்டத்துக்கு நேரமாச்சு" என்று அவர் சொன்னதற்கு, லோயிஸ் காலணியை எடுத்து அவர் மேல் வீசினாராம். தன்னால் முடியாததை யாரோ முன்பின் தெரியாதவர்கள் செய்து முடித்துவிட்டார்களே என்ற வலி. இதைப் படித்த அன்று லோயிஸ் எனக்கு ஒன்றுவிட்ட அக்காவாகிவிட்டார். அவரும் ஆன் என்ற தோழியும் சேர்ந்து 1951இல் குடும்பத்தாருக்கென்று தொடங்கியதுதான் அல்-அனான். நம் ஊரில் சாந்தி ரங்கநாதனைச் சொல்ல வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். ஊருக்குள்ளேயே முகாம் போட்டுச் சிகிச்சை தரலாம் என்று திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் செய்து காட்டியதும் அவர்கள்தான். 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மதுரையிலிருந்து வந்த பிறகு இவர் தன் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார், நான் என்னுடையதற்கு. வேறு வேறு நாள், வேறு வேறு இடம். இரண்டு வகை வட்டத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரியில் நடப்பதை நடத்துபவர் பயிற்சி பெற்றவர். யாரைப் பேசவைக்க வேண்டும், யாரை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் வியாழக்கிழமையில் தலைவர் இல்லை, கட்டணம் இல்லை. உண்டியலில் போடுகிற சில்லறையில் டீயும் வாடகையும். விதி நாலைந்துதான். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. தன் கதையைத்தான் பேச வேண்டும். யாருக்கும் புத்திமதி சொல்லக் கூடாது.

இந்தக் கடைசி விதி எங்கள் பெண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி முடியாது. நாம் புத்திமதியிலேயே வளர்ந்தவர்கள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போத்தா." "ஒரு கயிறு கட்டிப் பாரு." "பிள்ளை ஒண்ணு பெத்துக்க, திருந்திருவாக." யாராவது கண் கலங்கினால் சொல்லாமல் இருக்க வாய் துடிக்கும். முதல் சில வாரம் அந்த மௌனம் எனக்குக் கல்நெஞ்சமாகப் பட்டது. போகப் போகத்தான், ஒருவரைக் கடைசிவரை சொல்லி முடிக்க விடுவதில் இருக்கிற மரியாதை தெரிந்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் எதையும் கடைசிவரை சொல்லி முடித்ததில்லை.

ஒரு இடத்தைத் தவிர. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் பெண்கள் தோளோடு தோள் கோத்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவர் யாராகவும் இருக்கட்டும், அழுகிறவள் தன் கதையை அதில் சேர்த்துவிடுவாள். எங்கள் அப்பத்தா ஊரில் எந்த இழவுக்குப் போனாலும் மூன்றாவது அடியில் எங்கள் ஐயா குடித்து அழித்த வயலைப் பாடிவிடும். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். யாரும் "விடுத்தா" என்று சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் தோளை இறுக்கிக்கொண்டு அடுத்த அடியில் தன்னுடையதை எடுப்பாள். வட்டம் போட்டு உட்காருவதை வெள்ளைக்காரனிடமிருந்து வந்த வைத்தியம் என்று என் நாத்தனார் ஒருமுறை இளப்பமாகச் சொன்னபோது எனக்கு அப்பத்தாதான் நினைவுக்கு வந்தது. எங்கள் தலைமுறை ஒப்பாரியை விட்டுவிட்டது. நாகரிகமாக, வாயைப் பொத்திக்கொண்டு அழப் பழகினோம். அப்பத்தாவுக்கு இருந்த வட்டம் எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

இவருடைய மண்டலமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நாற்பது சொச்சம் நாளும் அவர் தனியாக இருந்ததேயில்லை. விடியலில் கூட்டுச் சரணம், சாயங்காலம் பஜனை, பக்கத்தில் அதே கறுப்பு வேட்டியில் இன்னும் பத்துப் பேர், தடுமாறினால் கேட்பதற்குக் குருசாமி. வருடமெல்லாம் "டேய்" என்கிற அண்ணன் அந்த நாட்களில் "சாமி" என்பார். மாலையைக் கழற்றியதும் எல்லாம் ஒரே நாளில் கழன்றுவிடும். இதில் வைராக்கியத்தை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதை நான் பார்க்கவேயில்லை. இப்போது அவர் போகிற கூட்டத்தில் "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். மண்டலம் முடிகிற தேதி அதில் இல்லை.

அவருடைய கூட்டம் பலன் தருமா என்று ஆதாரம் கேட்பவர்களுக்கு: பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2020இல் வெளிவந்தது. 27 ஆய்வுகள், 10,565 பேர். முறையாக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில், மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்று அது சொல்கிறது. என்னுடைய கூட்டத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குடிக்கிறவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அல்-அனான் வகைக் கூட்டம் அதற்கான வழி இல்லை. 1999இல் வில்லியம் மில்லரும் ராபர்ட் மேயர்ஸும் 130 குடும்பத்தாரை வைத்து ஒப்பிட்டார்கள். அல்-அனான் வழியில் 13 சதவீதம் பேரின் வீட்டு ஆள்தான் சிகிச்சைக்கு வந்தார். கிராஃப்ட் என்ற பயிற்சியில் 64 சதவீதம். குடிக்காத பொழுதில் அன்பாக இருப்பது, குடித்த பொழுதில் தாங்கிப் பிடிக்காமல் விலகி நிற்பது, எந்த நேரத்தில் எப்படிப் பேச்சை எடுப்பது என்று அதில் வீட்டாருக்குச் சொல்லித்தருகிறார்கள். மதுரை உளவியலாளர் எனக்கு அதில் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். இரண்டும் வேண்டியிருந்தது. ஒன்று அவருக்காக, ஒன்று எனக்காக.

ஐந்தாம் மாதம் இவர் குடித்தார். ஸ்லிப் என்பார்கள். பழைய நானாக இருந்தால் பட்டறை முழுக்கப் பாட்டில் தேடியிருப்பேன், கான்ட்ராக்டரிடம் "அவுகளுக்குக் காய்ச்சல்" என்று போன் பண்ணியிருப்பேன். இந்த முறை போன் பண்ணவில்லை. காலையில் கான்ட்ராக்டர் நேராக வந்து அவரைத் திண்ணையில் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் உள்ளே இருந்தேன். மூன்றாம் நாள் தானே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம். நாற்காலியை இழுத்துப் போட்டார்களாம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு ஆச்சி உண்டு. எழுபது தாண்டியவர். வீட்டில் சமையலுக்கு இருக்கும் பெண்ணுக்குத் துணையாக வந்தார். அவள் கணவன்தான் குடிக்கிறவன். மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள், "நானும் சொல்லலாமா?" என்று கேட்டார். கணவர் காலமான அன்றைக்குத் தூக்கத்துக்கு என்று அரை மில்லிகிராம் அல்பிரசோலம் எழுதிக்கொடுத்தார்களாம். பதினாலு வருடம் ஆகிவிட்டது. அரை ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, மாத்திரை தீர்ந்த ராத்திரிகளில் நெஞ்சு படபடத்து, வளவு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாராம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெரு நீளம் இருக்கிற வீடு. பிள்ளைகள் சென்னையிலும் அமெரிக்காவிலும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் நிறையும். மற்ற நாளில் ஆச்சி ஒரு அறையில், மீதியெல்லாம் பூட்டு. "எங்க வீட்டுல யாரும் குடிச்சதில்ல, அதனால இது அதுல சேராதுன்னு நெனச்சேன்" என்றார். அந்த மாத்திரையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இந்தப் பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூணையும் பர்மாக் கதையையும் எழுதுகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிற ஆச்சிகளைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

எனக்கும் மாத்திரை தேவைப்பட்டது. இவர் நிறுத்தி எட்டு மாதம் ஆன பிறகும் எனக்கு எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. கரும்பலகையில் திருக்குறள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, செத்துப்போனால் நன்றாகத் தூங்கலாம் என்று தோன்றும். கூட்டத்தில் சொன்னேன். மூத்த உறுப்பினர் ஒருவர், கூட்டம் முடிந்து வாசலில் வைத்து, "மாத்திரைக்குப் போயிராதீங்க, அதுவும் போதைதான்" என்றார். நல்ல மனசு, தவறான சொல். மனச்சோர்வு மருந்து போதை மருந்து ஆகாது. பலன் தெரியவே சில வாரம் ஆகும். எந்த உறுப்பினரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வெளியிட்ட துண்டுப் புத்தகமே சொல்கிறது. ஒன்பது மாதம் சாப்பிட்டேன். டாக்டர் சொன்ன பிறகு நிறுத்தினேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416க்குக் கூப்பிடலாம். டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எப்போதும், தமிழில் பேசலாம்.

அடி வாங்குகிற பெண்ணுக்கும் கூட்டம் மட்டும் போதாது. எங்களிடம் ஒருத்தி கை எலும்பு முறிந்து வந்தாள். அன்றைக்கு விதியை மீறினோம். பேச்சை நிறுத்திவிட்டு, பெண்கள் உதவி எண் 181க்கு போன் போட்டோம். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் எதற்கு இருக்கிறது? வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் விதி அந்த இடத்தில் செல்லாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

நான் இன்னும் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

மதுரையில் இவர் வீட்டுக்குக் கிளம்பும் முன், டாக்டர் டைசல்ஃபிரம் மாத்திரை பற்றி எங்கள் இருவரிடமும் பேசினார். குடித்த மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாகி, பிறகு கல்லீரலில் உடைந்து போகும். இந்த மாத்திரை அந்த இரண்டாம் படியை அடைத்துவிடும். இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அதனால் சாப்பிடுகிறவருக்கு எல்லாம் தெரிந்து, அவர் சம்மதித்தால்தான் கொடுப்போம் என்றார். "சில வீட்டுல தெரியாமச் சாப்பாட்டுல கலந்துர்றாங்க. உயிரே போயிரும். நீங்க அப்படி எதுவும்..." என்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

2016 சித்திரையில் வாங்கினேன். அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம் என்று சுவரொட்டியில் பார்த்த இடம். பெயரே இல்லாத பொட்டலம். ஒரு வாரம் ரசத்தில் கலந்து ஊற்றினேன். எட்டாம் நாள் பட்டறையில் விழுந்துவிட்டார். முகம் செக்கச்செவேலென்று, சட்டையெல்லாம் வாந்தி, நாடி பிடிபடவில்லை. மாரடைப்பு என்று நினைத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மீதிப் பொடியை ராத்திரியோடு ராத்திரியாகக் கொல்லையில் புதைத்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடம், "எனக்கு ஹார்ட்டு வீக்கு" என்று அவர் எல்லாரிடமும் சொல்லும்போது பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வீட்டில் பொய் சொல்கிறவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டே.

2019 ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை புதுவயல் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். பேச்சின் நடுவே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். "இதக் கலக்கலாமாக்கா? எங்க அம்மா வாங்கிக் கொடுத்துச்சு." விதிப்படி யாரும் பதில் சொல்ல முடியாது. டீ டம்ளர்கள் அப்படியே இருந்தன. என் முறை வரவில்லை. ஆனாலும் நான் என் கதையைத்தானே சொல்லலாம். சொன்னேன். சித்திரையிலிருந்து கொல்லைக் குழி வரை. குரல் நடுங்கியதா என்று நினைவில்லை. ஆச்சி என் முதுகில் கை வைத்திருந்தது மட்டும் தெரிகிறது. நான் முடித்த பிறகு, வழக்கமாக ஜன்னலோரம் உட்காரும் அக்கா, "நானும் போட்டேன், காப்பியில" என்றார். இன்னொருவர், "நான் வாங்கி வச்சிருக்கேன், இன்னும் போடல" என்றார். அந்தப் பெண் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை. அந்த ஏழு நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அதற்கடுத்த வாரம் வந்து, கழிப்பறையில் கொட்டிவிட்டதாகச் சொன்னாள்.

அன்று கடைசி பஸ்ஸில், கண்டக்டரிடம் இது தையல் கிளாஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து, தன் தம்பிக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

இவரிடம் சொல்ல இன்னும் நாலு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டியிலிருந்து கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார். வெகுநேரம் பேசவில்லை.

"அப்ப எனக்கு ஹார்ட்டுல ஒண்ணுமில்லையா?"

"இல்லைங்க."

"வேற யாருக்குத் தெரியும்?"

"வியாழக்கிழமைக் கூட்டத்துல சொன்னேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"நாங்களும் போட்டோம்னு சொன்னாக, ரெண்டு பேரு."

நாலு நாள் அவர் வீட்டில் சாப்பிடவில்லை. பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டார். குடிக்கவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் அவர் கூட்டத்து அண்ணன் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருப்பது திண்ணையிலிருந்து கேட்கும். ஐந்தாம் நாள் மத்தியானம் வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தார். சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். ரசக் கிண்ணத்தை நான் எடுப்பதற்குள் அவரே கையை நீட்டி எடுத்து ஊற்றிக்கொண்டார்.

இன்றைக்கும் அப்படித்தான். ரசத்தை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன். அவரே ஊற்றிக்கொள்வார்.